‘தாமதமாக வந்தார்’: எழுவாய் மாற வேண்டிய ஒரு வாக்கியம்

இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘நோயாளி தாமதமாக வந்தார்.’ குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதப்படும் இவ்வாக்கியம், உறவினர் முன்னிலையில் அந்தந்த மாநிலத்து மொழிக்கு மாறும்போது, ‘இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்ற கேள்வியாகிவிடுகிறது. இலக்கணப்படி இந்த வாக்கியத்தின் எழுவாய் அந்தப் பெண். தாமதம் அவருடைய வினை. சுகாதார நிலையமோ, பரிசோதனைக்கூடமோ, காப்பீட்டுத் திட்டமோ இதற்குள் எங்கும் இல்லை. மார்பகப் புற்றுநோய் குறித்து இந்தியாவில் ஆண்டுதோறும் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இந்த ஒற்றை வாக்கியத்தின் விரிவுரைதான். பெண்கள் கூச்சப்படுகிறார்கள், அறியாமையில் இருக்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இது பொய்யன்று; ஆனால் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லாமல் விடுவதன் விலை உயிர்களாக இருக்கிறது.

முதலில் எண்களைப் பார்க்கலாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் குளோபோகான் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டது. 98,337 பேர் அந்நோயால் இறந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் புதிய நோயாளிகள் சுமார் 2.74 லட்சம், இறந்தோர் சுமார் 43 ஆயிரம். வயதுக் கட்டமைப்பைச் சமன்செய்து கணக்கிட்டால், ஆண்டுக்கு ஒரு லட்சம் இந்தியப் பெண்களில் 26 அல்லது 27 பேருக்கு இந்நோய் வருகிறது. அமெரிக்காவில் 90க்கும் மேற்பட்டோருக்கு வருகிறது. நோய் குறைவாக வரும் நாட்டில் இறப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

ஓராண்டில் இறப்பவர்கள் எல்லாரும் அதே ஆண்டில் நோய் கண்டறியப்பட்டவர்கள் அல்லர். ஆகவே ஓர் எண்ணை மற்றொன்றால் வகுத்து முடிவுக்கு வருவது பிழை. ஆனால் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வும் இதையே காட்டுகிறது. 2018இல் லான்செட் இதழில் வெளியான கான்கார்டு-3 ஆய்வின்படி, 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு பிழைத்திருக்கும் விகிதம் அமெரிக்காவில் 90.2 விழுக்காடு, இந்தியாவில் 66.1 விழுக்காடு. இந்த இடைவெளிக்கு மிகப் பெரிய காரணங்களுள் ஒன்று, நோய் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, மார்பகப் புற்றுநோயாளிகளில் 57 விழுக்காட்டினருக்கு நோய் மார்பகத்தைத் தாண்டி அருகிலுள்ள திசுக்களுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவிய பிறகே கண்டறியப்பட்டது என்கிறது.

இந்தியாவில் இந்நோய் ஏன் கூடிவருகிறது என்பதற்கான விடை ஓரளவு தெளிவானது. பெண்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள்; முதல் குழந்தையைச் சற்றுப் பிந்திப் பெறுகிறார்கள்; குறைவாகப் பெறுகிறார்கள்; தாய்ப்பால் ஊட்டும் மொத்தக் காலம் குறைகிறது; உடல் எடை கூடுகிறது. இவற்றை வைத்துப் பெண்ணின் படிப்பையும் வேலையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் உண்டு. இந்த மாற்றங்கள் ஒரு சமூகம் முன்னேறும்போது எங்கும் நிகழ்பவை. இவற்றோடு சேர்ந்து வர வேண்டிய கண்டறிதலும் சிகிச்சையும் இங்கே வரவில்லை என்பதுதான் சிக்கல். இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டினரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே இந்நோய் வருகிறது என்ற கூற்றையும் கவனமாகக் கையாள வேண்டும். நாட்டின் மக்கள்தொகையே இளமையானது. ஆகவே நோயாளிகளின் சராசரி வயதும் குறைந்து தெரிகிறது.

இனி, வழக்கமான விளக்கத்தின் உண்மையான பாதி. கூச்சம் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒரு தடையும் இருக்கிறது: சொல்.

தமிழில் ‘கட்டி’ என்பது மிகப் பரந்த சொல். வேனற்கட்டியும் கட்டிதான், சீழ்க்கட்டியும் கட்டிதான், புற்றாக மாறிய கட்டியும் கட்டிதான். நாள்தோறும் கண்டு பழகிய கட்டிக்கு ஒரு கதை உண்டு: வலிக்கும், பழுக்கும், உடையும், ஆறும். வலிக்காத கட்டி இந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. ஆகவே அது ‘ஒன்றுமில்லை’ ஆகிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அனுபவ அறிவு எந்த அறிகுறியைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று சொல்லித் தருகிறதோ, அதுவே இந்நோயின் முதன்மையான அறிகுறி. பாலூட்டும் இளம் தாய்க்கு இன்னொரு சொல் காத்திருக்கிறது: ‘பால்கட்டு’. பெரும்பாலும் அது சரியான விளக்கமாகவே இருக்கும். அப்படி இல்லாத ஒருவருக்குப் பல மாதங்கள் அதிலேயே கழிந்துவிடும்.

உறுப்பின் பெயரும் அப்படித்தான். இந்தியில் ‘சாத்தி’, வங்காளத்தில் ‘புக்’, தெலுங்கில் ‘ரொம்மு’ ஆகிய அன்றாடச் சொற்கள் நெஞ்சையும் குறிக்கும், மார்பகத்தையும் குறிக்கும். தமிழில் சங்கப் புலவர்கள் கூச்சமின்றி ஆண்ட ‘முலை’ இன்று வசைக்கும் நகைப்புக்கும் உரிய சொல்லாகிவிட்டது. அதன் இடத்தில் அமர்த்தப்பட்ட ‘மார்பகம்’ சுவரொட்டிக்கு உரியது. வீட்டுப் பேச்சில் அது வருவதில்லை. எனவே ஒரு பெண் ஆண் மருத்துவரின் மேசை முன்னால், வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும் தொலைவில், ‘நெஞ்சில் ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்கிறார். கேட்பவருக்குப் பொறுமை இருந்தால் அடுத்த கேள்வி வரும். இல்லையென்றால் இசிஜி எடுக்கச் சீட்டு வரும். இங்கே அந்தப் பெண் பேசிவிட்டார். கேட்கும் இடத்தில்தான் பேச்சு தவறுகிறது.

மறுபாதி உண்மை இங்கிருந்து தொடங்குகிறது. கட்டியைக் கண்ட பெண் முதலில் எங்கே போகிறார்? பல ஊர்களில் மருந்துக்கடைக்கு, அல்லது அருகிலுள்ள தனியார் மருத்துவரிடம், அல்லது ஊருக்கு வரும் செவிலியரிடம். ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கிடைக்கிறது. கட்டி அப்படியே இருக்கிறது. வேறொரு மருத்துவர் ஸ்கேன் எழுதித் தருகிறார். அதற்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் தனிக் கட்டணமும். ஸ்கேனில் ஐயம் எழுந்தால் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு வேறோர் ஊர். முடிவு வாங்க மறுபடியும் ஒரு பயணம். அந்த முடிவைக் கொண்டு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால், திசு மாதிரியை மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சிறு மருத்துவமனைகளில் கட்டியை அப்படியே அறுத்தெடுத்துவிட்டு, அதைப் பரிசோதனைக்கு அனுப்பாமலே வீட்டுக்கு அனுப்புவதும் நடப்பதுண்டு. சில மாதங்களில் அதே இடத்தில் கட்டி திரும்புகிறது. இத்தனைக்கும் பிறகு பெருநகர மருத்துவமனையில் அவருடைய குறிப்பேட்டில் எழுதப்படும் வாக்கியம்: தாமதமாக வந்தார்.

ஆக, கடிகாரங்கள் இரண்டு. கட்டியைக் கண்ட நாளிலிருந்து அதை ஒருவரிடம் காட்டும் நாள் வரை ஓடுவது முதல் கடிகாரம். அது பெண்ணிடமும் குடும்பத்திடமும் இருக்கிறது. காட்டிய நாளிலிருந்து நோய் உறுதியாகும் நாள் வரை ஓடுவது இரண்டாவது. அது சுகாதார அமைப்பின் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய உலக மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, இலக்குகள் மூன்றை வைத்திருக்கிறது. பரவக்கூடிய வகைப் புற்றுநோய்களில் குறைந்தது 60 விழுக்காட்டை முதலிரு நிலைகளில் கண்டறிதல். பெண் முதன்முதலில் மருத்துவ உதவி நாடிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதலை முடித்தல். குறைந்தது 80 விழுக்காட்டினர் சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்கச் செய்தல். இரண்டாவது இலக்கின் வினைக்கு எழுவாய் சுகாதார அமைப்பு. ஆனால் அந்த 60 நாட்களை எண்ண வேண்டுமானால், அப்பெண் முதன்முதலில் யாரிடம், எந்த நாளில் காட்டினார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கென ஒரு கட்டம் நம் மருத்துவச் சீட்டுகளில் இருப்பது அரிது. எழுதப்படாத தாமதத்துக்கு யாரும் பொறுப்பாவதில்லை.

அக்டோபர் மாதந்தோறும் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் அறிவுரையைப் பார்க்கலாம்: மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று சுயபரிசோதனை செய்துகொள்ளுங்கள். தனியறையும் ஆளுயரக் கண்ணாடியும் இல்லாத வீடுகளை இந்த அறிவுரை நினைத்துப் பார்ப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இது உயிரைக் காக்கிறதா என்பது பெரிய அளவில் சோதிக்கப்பட்டுவிட்டது. சீனாவின் ஷாங்காய் நகரில் ஆலைகளில் பணிபுரிந்த சுமார் 2.66 லட்சம் பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் இறுதி முடிவு 2002இல் வெளியானது. முறையாகச் சுயபரிசோதனை கற்பிக்கப்பட்ட குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் மார்பகப் புற்றுநோய் இறப்பில் வேறுபாடு இல்லை. கற்பிக்கப்பட்டவர்களுக்குத் தீங்கற்ற கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகள் கூடின, அவ்வளவே. தன் உடலின் இயல்பை ஒரு பெண் அறிந்திருப்பதும், புதிய கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தக் கசிவோ, அக்குளில் வீக்கமோ கண்டால் உடனே காட்டுவதும் மிகவும் தேவை. ஆனால் சுயபரிசோதனையைக் கற்பித்துவிட்டால் கடமை முடிந்தது என்று ஓர் அரசோ நிறுவனமோ நினைப்பதற்குச் சான்று இல்லை.

சான்று இருக்கும் வழி வேறு. அது இந்தியாவிலேயே கிடைத்தது. மும்பையின் எளிய மக்கள் குடியிருப்புகளில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் மார்பகத்தைக் கையால் தொட்டுப் பரிசோதித்தனர். மேமோகிராம் இயந்திரம் இல்லை. பரிசோதித்தவர்கள் மருத்துவர்களும் அல்லர். இருபதாண்டுக்குப் பிறகு, 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகள் வெளியாயின. மூன்றாம், நான்காம் நிலைகளில் நோய் கண்டறியப்பட்டோர் பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 37 விழுக்காடு. மற்றப் பிரிவில் 47 விழுக்காடு. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த 15 விழுக்காட்டுக் குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இறப்பில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. இந்த வரம்புகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவற்றோடு சேர்த்துப் பார்த்தாலும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் விரல்நுனி செய்யக்கூடியது சிறிதன்று.

அரசுக்கு இது தெரியாததன்று. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறை, 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் செய்யும் மார்பகப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. ஆஷா பணியாளர் வீடுவீடாக நிரப்பும் படிவத்திலும் மார்பகக் கட்டி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு பற்றிய கேள்விகள் உள்ளன. ஆனால் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதேனும் ஒருமுறை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.9 விழுக்காட்டினர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. திட்டம் தொடங்கி நெடுநாள் ஆகவில்லை, கணக்கெடுப்பின் ஒரு பகுதி கொரோனாக் காலத்தில் நடந்தது என்பவற்றைக் கருத்தில் கொண்டாலும், ஆணைக்கும் செயலுக்கும் இடையிலான தூரம் இது. நூற்றுக்கு 99 பேரை அறியாமை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. அவர்களை யாரும் பரிசோதிக்க அழைக்கவில்லை என்பதே எளிய விளக்கம்.

அழைத்தாலும் போவது எளிதா? அதே கணக்கெடுப்பில், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகச் சென்றுவர அனுமதி உள்ள பெண்கள் 42 விழுக்காட்டினரே. மற்றவர்களுக்கு மருத்துவமனைப் பயணம் என்பது இன்னொருவரின் ஓய்வு நாளையும் மனநிலையையும் பொறுத்தது. பணமும் இதே இடத்தில்தான் இடறுகிறது. 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆனால் அது அடிப்படையில் உள்நோயாளிக்கான காப்பீடு. அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களின் செலவை மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. நோய் இருக்கிறதா என்று அறிய வாரக்கணக்கில் அலையும் காலம் அதற்கு வெளியே நிற்கிறது. அறுவைசிகிச்சைக்குப் பணம் உண்டு. அறுவைசிகிச்சை தேவையா என்று கண்டறிவதற்கு இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்ய நினைப்பவர் வரிசையில் நின்று, பணத்துக்குப் பதிலாக நாட்களைக் கட்டணமாகச் செலுத்துகிறார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாப் பெண்களையும் பரிசோதித்தால் ஐயத்துக்குரிய கட்டிகள் பெருகும். திசுப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இடமில்லாத நாட்டில் அது அச்சத்தை மட்டுமே கூட்டும் என்பார்கள். மறுப்பு சரியானது. அதனால்தான் வரிசை முக்கியம். அறிகுறி எதுவும் இல்லாதவரைப் பரிசோதிப்பது ஒன்று; கட்டியோடு வந்து நிற்பவருக்கு விரைந்து விடை சொல்வது மற்றொன்று. பின்னதற்குப் புதிய கொள்கை தேவையில்லை. அவர் ஏற்கெனவே வந்துவிட்டார். அவரைத் தொட்டுப் பார்க்கவும், திசு எடுக்கவும், முடிவை அவர் கையில் சேர்க்கவும் ஒழுங்கு இருந்தால் போதும். அந்த ஒழுங்கு அமைந்த பிறகே பரவலான பரிசோதனைக்குப் பொருள் உண்டு.

நோயறிந்த பிறகும் பாதை முடிவதில்லை. அசாம் மாநிலம் சில்சாரிலுள்ள கச்சார் புற்றுநோய் மருத்துவமனை கற்றுத்தந்த பாடம் இதுவே. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவைசிகிச்சை நிபுணர் ரவி கண்ணன் 2007இல் அங்கே சென்றார். நோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விட்டுச் சென்றதற்குக் காரணம் மருந்தின் விலை மட்டுமன்று. தங்குமிடம், உணவு, துணைக்கு வந்தவரின் கூலி இழப்பு ஆகியனவும்தாம். மருத்துவமனை உணவும் தங்குமிடமும் தந்தது. துணைக்கு வந்தவர்களுக்குத் தற்காலிக வேலை தந்தது. வராதவர்களைத் தொலைபேசியிலும் வீட்டிலும் தேடிச்சென்றது. சிகிச்சையை முடிப்பவர்கள் பெருகினார்கள். இப்பணிக்காக 2023இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. அங்கே மக்களின் ‘அலட்சியம்’ திருத்தப்படவில்லை. அலட்சியம் என்று பெயரிடப்பட்டது உண்மையில் பசியும் தூரமும் என்று கண்டுகொள்ளப்பட்டது.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய கனவுகள் அல்ல. முதலில் காட்டிய நாளை ஒவ்வொரு சீட்டிலும் எழுத ஒரு கட்டம். ஆரம்ப சுகாதார நிலையம்தோறும், திரையிட்ட ஓர் அறையில், கையால் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர். மாவட்ட மருத்துவமனைதோறும் ஊசி மூலம் திசு எடுக்கும் வசதியும், முடிவுக்கு ஒரு கெடு நாளும். நோயறிதலின் செலவையும் ஏற்கும் காப்பீடு. மருந்துக்கடைக்காரருக்கும் தனியார் மருத்துவருக்கும் சென்றுசேர வேண்டிய ஒற்றை விதி: மார்பில் கட்டி என்றால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. பெண்களுக்குச் சொல்ல வேண்டியதும் அவர்கள் வீட்டில் பேசும் சொல்லிலேயே இருக்க வேண்டும்: ‘வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.’

‘விழிப்புணர்வு’ என்ற சொல் எதிரே இருப்பவர் உறங்கிக்கொண்டிருப்பதாக முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. கட்டியைத் தொட்டறிந்த ஒரு பெண் பெரும்பாலும் உறங்குவதில்லை. குடும்பத்தில் யாரிடம் சொல்வது, பயணத்துக்குப் பணம் எங்கே, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கணக்கோடு இரவு முழுவதும் விழித்தே இருக்கிறார். அவர் கதவைத் தட்டிய நாளை எழுதி வைக்கும் பழக்கம் நாட்டில் வரட்டும். அதன்பிறகு நோயாளிக் குறிப்புகளில் ‘தாமதமாக வந்தார்’ என்று எழுதும் கை சற்றே நின்று, ‘மார்ச் மாதமே வந்தார்; அக்டோபரில்தான் நாம் பார்த்தோம்’ என்று எழுத வேண்டிவரும். திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கும்.